படுதாவின் மறுமுனை

வாசகர் கடிதம்:

ஐயா, ஸ்தோத்திரம். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். நான் அங்கன்வாடியில் உதவியாளர். கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மணி அடித்துவிட்டது. வேதப்புத்தகத்தோடு வாசலுக்கு வந்துவிட்டேன். அன்று பாடம் வாசிப்பது என் முறை. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து, "மேகம் இருட்டிக்கிட்டு வருது, களத்துல நெல்லு கிடக்கு, படுதா இழுக்க ஒரு கை வாம்மா" என்றார். அவருக்குக் கணவர் இல்லை. ஐந்து மா நிலம் குத்தகைக்குச் செய்கிறார். "கோயிலுக்கு நேரமாச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ஆராதனை முடிவதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நெல்லை எடுக்கவில்லை. கடைசியில் வியாபாரியிடம் கேட்ட விலைக்குப் போட்டார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கறிவேப்பிலை கேட்டு வருவது நின்றுவிட்டது.

"எந்த நேரமும் ஆயத்தமாயிருங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்டாலே இப்போது தலை குனிந்துகொள்கிறேன். என் கணவரோ, "ஊர்ப் பாரத்தையெல்லாம் நீ சுமக்க முடியுமா?" என்கிறார். அவரும் போன வருடம் மெயின்ரோட்டில் ஒருவர் பைக்கோடு விழுந்து கிடந்தபோது, கேஸாகிவிடும் என்று வண்டியை நிறுத்தவில்லை. நாங்கள் உதவப் போனால், மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்று பேசவும் ஊரில் நாலு பேர் உண்டு. இத்தனை வேலைக்கு நடுவில், எதிர்பாராமல் வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் எப்படி ஐயா ஆயத்தமாயிருப்பது? நான் செய்தது பாவமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், நீங்கள் போயிருக்க வேண்டும். ஓய்வுநாளில் கழுதையோ எருதோ துரவில் விழுந்தால் உடனே தூக்கிவிடமாட்டீர்களா என்று இயேசு கேட்டார் (துரவு என்றால் கிணறு). களத்தில் நெல் நனைவது எருது கிணற்றில் விழுவதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. நீங்கள் வர நேரமானால் பாடத்தை வேறொருவர் எழுந்து வாசித்திருப்பார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்ததால்தான் கடிதம் எழுதினீர்கள்.

டெல்டாவில் போதகராக இருபத்தெட்டு வருடம் இருந்தவன் நான். படுதா இழுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இழுத்தும் இருக்கிறேன். தனி ஆளாய் அதைச் செய்ய முடியாது. இந்தப் பக்கம் இழுத்துக் கல் வைத்துவிட்டு மறுமுனைக்கு ஓடுவதற்குள், மழைக்கு முன்னால் வருகிற அந்தக் காற்று உள்ளே புகுந்து படுதாவைத் தூக்கி எறிந்துவிடும். அம்பாரத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் பத்தே நிமிட வேலை. அப்புறம் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டினால் மெஷின் வைத்திருக்கிறவர் தலையை ஆட்டிவிடுவார். அரசு எப்போதாவது தளர்த்திக் கொடுத்தால்தான் உண்டு. மறுபடி காயவைக்க வெயில் வேண்டும், களத்தில் இடம் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும். நனைந்த நெல் அதற்குள் முளை கட்ட ஆரம்பித்துவிடும். உங்களை வதைக்க இதைச் சொல்லவில்லை. அக்கா எதை இழந்தார் என்பது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடவுளிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். அக்காவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த வாரமே போங்கள். மாமியாருக்குப் பக்கவாதம், எனக்குப் பாடம் வாசிக்கிற முறை என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். "அக்கா, அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்ப நான் வந்திருக்கணும். வராமப் போயிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். "அதனால என்னம்மா" என்று மழுப்பினால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். கவரில் பணம் போட்டு நீட்ட மட்டும் போகாதீர்கள். அது அவரை இன்னும் தூரத்துக்குத் தள்ளும்.

சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈரத்தில் உளுந்து விதைத்திருந்தார் என்றால், பங்குனியில் அதைப் பிடுங்க வேண்டும். அந்த நேரத்தில் ஆள் கிடைக்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலை நேரம் போய் அவரோடு குனிந்து பிடுங்குங்கள். அவர் கூப்பிடும் வரை காத்திருக்காமல் போங்கள்.

இனி ஆயத்தத்துக்கு வருகிறேன்.

நம் பிரசங்கங்களில் ஆயத்தம் என்றால் மனசு சம்பந்தப்பட்டது என்றே சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் பல வருடம் பேசினேன். என் எண்ணம் மாறியது 2004 டிசம்பர் 26 அன்று. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் இருந்தேன். ஆராதனை முடிவதற்குள் நாகப்பட்டினம் பக்கமிருந்து லாரியிலும் டிராக்டரிலும் ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஈரத் துணியோடு, சிலர் பிள்ளையில்லாமல், சிலர் யாருடைய பிள்ளை என்றே தெரியாத பிள்ளையோடு. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இறந்தார்கள் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று மதியத்துக்குள் நாங்கள் சோறு போட்டோம். எப்படித் தெரியுமா? கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாடகைக்கு எடுத்த இரண்டு அண்டாவும் கரண்டிகளும் கோயில் பின்புறம் கவிழ்த்துக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பாத்திரக் கடை கிடையாது, திங்கள்கிழமை திருப்பிக் கொடுக்கலாம் என்று விட்டிருந்தோம். மீந்த அரிசி அரை மூட்டை. நூறு பேருக்கு உலை வைக்கத் தெரிந்த ஒரு பெரியவர் சபையில் இருந்தார். எங்கள் ஆயத்தம் அவ்வளவுதான். அதில் பக்தி எதுவும் இல்லை, சோம்பேறித்தனம்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வருடம் சபையில் பேசி இரண்டு அண்டாவைச் சொந்தமாகவே வாங்கிப் போட்டோம்.

கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறவரால்தான் எதிர்பாராமல் வருகிறவருக்குக் கொடுக்க முடியும் என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. எந்தக் குடும்பத்திலாவது விதை நெல்லையும் சேர்த்து அரைத்துத் தின்கிறார்களா? ஆனால் நம் நேரத்தை நாம் அப்படித்தான் தின்கிறோம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையையே பாருங்கள். மாமியாரைக் குளிப்பாட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, சமைத்து, முதல் மணிக்கு வாசலில் நிற்கிறீர்கள். இடையில் கால் மணி நேரம்கூட இல்லை. அக்கா வந்தபோது உங்களிடம் இரக்கம் இருந்தது, நேரம் இல்லை. எனவே "நான் கல்நெஞ்சக்காரி" என்று அழுவதைவிட, ஞாயிற்றுக்கிழமை சமையலைச் சனிக்கிழமையே பாதி முடிப்பது பலன் தரும். சிரிக்காதீர்கள், இது ஆவிக்குரிய ஆலோசனைதான்.

நல்ல சமாரியன் கதையை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எரிகோ ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அவன் வார்த்த எண்ணெயும் திராட்சரசமும் அவன் பையிலேயே இருந்தவை. ஏற்றிக்கொண்டு போக அவனிடம் வாகனம் இருந்தது, கொடுக்க இரண்டு பணம் இருந்தது. அதைவிட எனக்குப் பிடித்த இடம் மறுநாள் காலை. அவன் சத்திரத்துக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே புறப்பட்டுப் போகிறான். செலவு அதிகமானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான், அவ்வளவுதான். கூடவே உட்கார்ந்து ஒரு மாதம் கஞ்சி ஊற்றவில்லை. அவனுக்கும் வேலை இருந்தது. தான் எவ்வளவு செய்வது, எங்கே இன்னொருவர் கையில் கொடுப்பது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இயேசுவும் எல்லோருக்கும் நிற்கவில்லை. மாற்கு சுவிசேஷத்தில், சாகக்கிடந்த மகளுக்காக யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவன் அவரை அழைத்துப் போகிறான். வழியில் பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள (தீராத உதிரப்போக்குள்ள) ஒரு பெண் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்று, யார் தொட்டது என்று கேட்டு, அவள் சொல்வதையெல்லாம் கேட்கிறார். பக்கத்தில் யவீருக்கு எப்படி இருந்திருக்கும்! அதே மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், விடியற்காலையில் தனியே ஜெபித்துக்கொண்டிருந்தவரைச் சீஷர்கள் தேடிப் பிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று கிளம்பிவிடுகிறார். தேடியவர்களில் உண்மையான நோயாளிகளும் இருந்திருப்பார்கள். ஒரு இடத்தில் நின்றார், ஒரு இடத்தில் போய்விட்டார். இதற்குச் சூத்திரம் ஏதும் எழுதிக்கொடுக்க எனக்குத் தெரியாது. ஆனால் என் வழக்கம் ஒன்று உண்டு: இப்போது நான் போகாவிட்டால் கெட்டுப்போவது எது, நாளைக்குப் போனாலும் நடக்கிறது எது என்று பார்ப்பேன். மழை நாளைக்கு வராது, இப்போது வரும். கடன் கேட்டு வருகிறவரை நாளைக்கு வரச் சொல்லலாம்.

உங்கள் கணவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு கதை சொல்கிறேன். சின்ன வயதில் நான் பெரிய உதவிக்காரன். ஒரு நாள் சபையில் ஒரு வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது, அவர்கள் வீட்டில் விசேஷம் வேறு. எங்கள் ஸ்பேர் சிலிண்டரைத் தூக்கி டிவிஎஸ் ஃபிஃப்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் எங்கள் அடுப்பும் அணைந்தது. அப்போதெல்லாம் பதிந்தால் வர வாரக்கணக்காகும். ஐப்பசி மழையில் ஈர விறகை ஊதி ஊதி என் மனைவிதான் சமைத்தாள். பெயர் எனக்கு, புகை அவளுக்கு. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, "அடுத்த தடவை தூக்கிக் குடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க. நான் வேணாம்னு சொல்லமாட்டேன்" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு இன்றும் உறைக்கிறது. நீங்களும் கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்: ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் யார் போவது, வேனை எதற்குக் கொடுக்கலாம், எவ்வளவு பணம் வரை கேட்காமல் கொடுக்கலாம். பேசாமல் விட்டதுதான் வாசலில் நின்று சண்டையாகிறது.

அவருடைய போலீஸ் பயத்துக்கும் பதில் உண்டு. விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றமே ஒப்புதல் கொடுத்துவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மேல், வழியில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பெயர் சொல்லாமலே வந்துவிடலாம், சாட்சியாக வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. சட்டத்தில் அப்படிப்பட்டவருக்கு வைத்திருக்கிற பெயரே 'நல்ல சமாரியன்'தான். உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். வண்டியை நிறுத்தி 108-க்கு ஒரு போன் போட்டு, கூட்டத்தை விலக்கி நிற்பதுகூடப் பெரிய உதவி.

நம் பக்கம் ராத்திரியில் கதவு தட்டப்படுவது இன்னொன்றுக்கும். வயலில் பாம்பு கடித்துவிட்டது என்று வருவார்கள். கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டக்கூடாது, நடக்கவிடக்கூடாது. கடித்த காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரத்தை இழந்தவர்களை நான் அடக்கம் பண்ணியிருக்கிறேன். உங்கள் வீட்டில் வேன் இருப்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். டார்ச்சும் கொஞ்சம் சில்லறைப் பணமும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சைப் பற்றி. உதவி செய்கிற கையில் துண்டுப்பிரதி இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து, என்னோடு வேலை செய்த சிலருக்கு அது பிடிக்கவில்லை என்றாலும். அதைவிட நல்ல மருந்து, நீங்களும் அவர்களிடம் உதவி கேட்பது. சமாரியப் பெண்ணிடம் இயேசு பேச்சைத் தொடங்கியதே "தாகத்துக்குத் தா" என்றுதான். நாம் எப்போதும் கொடுக்கிறவர்களாகவே நின்றுகொண்டால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். "அக்கா, ஒரு மணி நேரம் அத்தையைப் பார்த்துக்கிறீங்களா, கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று கேட்டுப் பாருங்கள். கறிவேப்பிலை கேட்டு அவர் தானாக வருவார்.

தஞ்சாவூர் போனால் சிவகங்கைப் பூங்காவை ஒட்டியிருக்கிற பழைய கோயிலுக்குள் ஒருமுறை போய்வாருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் சாகக்கிடக்க, சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மன்னரே வைத்தது. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பில் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே ஊர்களில் தானியம் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. மாட்டுக்காரர்களுக்கு முன்பு சரியாகக் கூலி கொடுக்காததால் அதிகாரிகள் கேட்டு யாரும் வரவில்லை. சுவார்ட்ஸ் தன் வார்த்தையைக் கொடுத்தார், கூலிக்கு நான் பொறுப்பு என்று. ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன, சீக்கிரத்திலேயே 80,000 கலம் தானியம் உள்ளே வந்தது. கூலியைச் சொன்னபடி கொடுத்தார். அந்த இரண்டு நாளில் அவர் என்ன ஆயத்தம் செய்திருக்க முடியும்? அதற்கு முந்திய வருடங்களில் தெருவில் நடந்தபோதும் பேசியபோதும் சேர்ந்த நம்பிக்கைதான் அது. உங்களுக்கும் அக்காவுக்கும் இடையில் அப்படி ஏதோ இருந்ததால்தான், இருட்டிக்கொண்டு வந்தபோது தெருவில் இத்தனை வீடு இருக்க, அவர் நேராக உங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். அதைக் கவனித்தீர்களா?

மாதர் சங்கத்திலும் இதைப் பேசுங்கள். அறுப்புக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மழை வந்தால் யார் யார் களத்துக்கு ஓடுவது, யார் வீட்டில் கிழவர்களைப் பார்த்துக்கொள்வது என்று நாலு பெயர் முடிவு செய்துகொண்டால் போதும். தனி ஒருத்தியாக ஊர் முழுக்க ஆயத்தமாயிருக்க யாராலும் ஆகாது, உங்கள் கணவர் சொன்னது அந்த அளவில் சரி. சங்கத்தில் ஒரு நல்ல படுதா வாங்கி வைப்பதும் கெட்ட யோசனையில்லை. ஆயிரம் ஜெபக் குறிப்புகளுக்கு நடுவில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

பாடம் வாசிக்கிற முறை அட்டவணையில் ஒவ்வொரு வாரமும் இரண்டு பெயர் எழுதச் சொல்லுங்கள். வழக்கமில்லை என்று உங்கள் சபைப் போதகர் சொன்னால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எனக்கு இந்த வயதில் வசவு வாங்கிப் பழகிவிட்டது.